தோற்றக் கதைகளும் நாணயச் சான்றுகளும்: மொரோக்கோவின் தொன்னகரங்கள்

பழம்பெரும் நகர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவது. மற்றொன்று, மண்ணடியில் கிடக்கும் சுவர்களும் நாணயங்களும் கல்வெட்டுகளும் சொல்வது. முன்னதில் எல்லாம் தெளிவாக இருக்கும்: ஒரு பெருந்தகை, ஒரு நாள், ஒரு பிரார்த்தனை, அடிக்கல். பின்னதிலோ ஆண்டுகள் இடிக்கும், பெயர்கள் மாறும், ஒரு கைக்குப் பதிலாகப் பல கைகள் தென்படும். இவ்விரண்டும் முரண்படும்போது நாம் எதனை ஏற்பது? மரபைப் பேணுவோர் சான்றுகளைத் தள்ளிவிட வேண்டுமா? சான்றுகளை மதிப்போர் மரபைப் பொய்யென்று எள்ளி நகையாட வேண்டுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு இஸ்லாமிய உலகின் மேற்கு எல்லையில் உள்ள மொரோக்கோ மிகவும் ஏற்ற நாடாகும். அதன் நகரங்களின் தோற்றம் குறித்துச் சுவைமிக்க கதைகள் ஏராளமாக உள்ளன. அவற்றைச் சரிபார்ப்பதற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு அந்நாட்டோடு ஒரு பழைய உறவும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்து மஅபர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் அரசவையைக் கண்டு எழுதிய இப்னு பதூதா, மொரோக்கோவின் தன்ஜா நகரில் பிறந்தவர்.

இஸ்லாத்துக்கு முந்திய ஊர்கள்

தன்ஜாவிலிருந்தே தொடங்குவோம். கிரேக்கப் புராணம் அந்நகரை அந்தேயஸ் என்னும் அரக்கனோடு தொடர்புபடுத்திற்று. வரலாறு சொல்வது அதனினும் எளியது: நடுநிலக்கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் நீரிணையில் பினீசிய வணிகர் மரக்கலம் நிறுத்த இடம் தேடினர், ஊர் பிறந்தது. அட்லாண்டிக் கரையில், இன்றைய அல்அராயிஷ் நகருக்கு அருகில், கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் லிக்ஸஸ் தோன்றியதும் இதே காரணத்தாலேயே. ரோமர் காலத்தில் தன்ஜா ஒரு மாகாணத்தின் தலைநகராயிற்று. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸா இப்னு நுஸைர் அதனைக் கைப்பற்றித் தாரிக் இப்னு ஸியாதை ஆளுநராக்கினார். 711இல் தாரிக் ஸ்பெயினுக்குக் கடல் கடந்தது இக்கரையிலிருந்துதான்.

உள்நாட்டில் அமைந்த வலீலி, ரோமர் வொலுபிலிஸ் என்றழைத்த நகர். கி.பி. 217இல் எழுப்பப்பட்ட வெற்றி வளைவு அங்கு இன்றும் நிற்கிறது. கி.பி. 285 அளவில் ரோம ஆட்சி அகன்ற பின்னரும் ஊர் அழிந்துவிடவில்லை. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான இலத்தீன் கல்லறை எழுத்துகள் அங்கு கிடைத்துள்ளன. ஆட்சியாளர் போய்விட்டனர்; அமாஸிக் இனத்தவராகிய பர்பர்கள் அங்கேயே வாழ்ந்தனர். நமது ஆய்வுக்கு இது இன்றியமையாத செய்தி. ஏனெனில் மொரோக்கோவின் முதல் முஸ்லிம் அரச மரபைத் தொடங்கியவர் வந்து சேர்ந்தது இவ்வூருக்கே.

பாலைவனத்தின் வாயிலில்

அவரைப் பற்றிப் பேசுமுன், அவருக்கும் மூத்ததொரு முஸ்லிம் நகரைக் குறிப்பிட்டாக வேண்டும். ஸஹாராவின் வடவிளிம்பில், தாஃபிலால்த் பாலைவனச் சோலையில், ஹிஜ்ரி 140 (கி.பி. 757) அளவில் ஸிஜில்மாஸா உருவானது. அதனை உருவாக்கியோர் மிக்னாஸா குலத்தைச் சார்ந்த ஸுஃப்ரீ காரிஜிய்யாக்கள். அவர்கள் தம் முதல் தலைவராகத் தேர்ந்தது ஈஸா இப்னு யஸீத் என்னும் கறுப்பினத்தவரை. குலப்பெருமை ஓங்கியிருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று. பின்னர் அவர்களே அவரை வீழ்த்தினர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

ஸிஜில்மாஸாவை வளர்த்தது தங்கம். மேற்கு ஆபிரிக்காவின் பொன்னும் வடக்கின் துணியும் உப்பும் கைமாறும் ஒட்டக வாணிபத்தின் வடமுனை அதுவே. 1352இல் இப்னு பதூதா மாலி நாட்டுக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். இன்று ரிஸ்ஸானி என்ற ஊரின் அருகே மண்சுவர்களின் எச்சங்களே காணக்கிடக்கின்றன. வணிகப் பாதை மாறியதும் நகர் மறைந்தது. அதன் கதையைப் போற்றிக் காக்க ஓர் அரச மரபு எஞ்சியிராததால், முன்னோடி நகராக இருந்தும் நூல்களில் அது பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. எந்த நகரின் தோற்றக் கதை நிலைக்கிறது என்பது, அதனைத் தொடர்ந்து சொல்வோர் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

ஃபாஸ்: தந்தையா, மகனா?

ஹிஜ்ரி 169இல் (கி.பி. 786) மக்காவுக்கு அருகில் ஃபக் என்னுமிடத்தில் அப்பாசியப் படைக்கும் அலீ (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் போர் மூண்டது. தோல்வியுற்ற தரப்பில் உயிர்தப்பியவர்களுள் ஒருவர் இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ். ஹஸன் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரர். ராஷித் என்னும் விசுவாசமிக்க ஊழியர் துணைவர, எகிப்து வழியாக மேற்கு நோக்கிச் சென்று இறுதியில் வலீலியை அடைந்தார். அங்கிருந்த அவ்ரபா குலத்தினர் அவரை வரவேற்று, ஹிஜ்ரி 172இல் (கி.பி. 789) அவருக்கு பைஅத் செய்தனர். மூன்றாண்டுகளுக்குள் அவர் காலமானார். அப்பாசியரின் ஏவலால் நஞ்சூட்டப்பட்டார் என்பதே நூல்கள் கூறும் செய்தி. அவர் இறந்தபின் பிறந்த மகனே இரண்டாம் இத்ரீஸ்.

ஃபாஸ் நகரை நிறுவியவர் இம்மகனே என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னு அபீ ஸர்உ எழுதிய ‘ரவ்ளுல் கிர்தாஸ்’ என்னும் நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. ஹிஜ்ரி 192இல் (கி.பி. 808) ஆற்றின் வலக்கரையிலும், மறு ஆண்டில் இடக்கரையிலும் இத்ரீஸ் அடிக்கல் நாட்டினார், கல்வியும் மார்க்கச் சட்டமும் தழைக்கும் இல்லமாக இந்நகரை ஆக்குமாறு இறைவனை இறைஞ்சினார் என்கிறது அந்நூல். பழங்காலத்தில் அவ்விடத்தே ஒரு நகர் இருந்ததென்றும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்தைச் சேர்ந்த இத்ரீஸ் என்பவர் அதனைப் புதுப்பிப்பார் என்றும் ஒரு முதிய துறவி முன்னறிவித்ததாகவும் அதில் ஒரு கதை உண்டு. அரபு மொழியில் ‘ஃபஃஸ்’ என்றால் மண்வெட்டும் கருவி. அடித்தளம் தோண்டப் பயன்பட்ட அக்கருவியிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பது மற்றொரு கதை.

இம்மரபை அசைத்தவை மிகச் சிறிய பொருள்கள்: இரண்டு வெள்ளித் திர்ஹங்கள். ஃபாஸ் நகரின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட அவற்றில் ஹிஜ்ரி 185, 189 என்னும் ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. 192இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் நகரில் 185இல் எவ்வாறு நாணயம் அடித்திருக்க முடியும்? அவ்வாண்டில் இரண்டாம் இத்ரீஸ் பத்து வயதுச் சிறுவர். 1938இல் இச்சிக்கலை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லெவி ப்ரொவொன்சால், ஒரு விடையை முன்வைத்தார். வலக்கரையில் ‘மதீனத்து ஃபாஸ்’ என்ற குடியிருப்பைத் தொடங்கியவர் தந்தையாகிய முதலாம் இத்ரீஸ். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் இடக்கரையில் ‘அல்ஆலியா’ என்ற புதிய நகரை அமைத்தவர் மகன். அல்ஆலியா என்ற பெயருடன் தனி நாணயங்கள் அடிக்கப்பட்டிருப்பது இவ்விளக்கத்துக்குத் துணைநிற்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இதனையே ஏற்கின்றனர்.

வலீலியில் 2000ஆம் ஆண்டு முதல் மொரோக்கோ, பிரித்தானிய ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வுகளும் குறிப்பிடத்தக்கவை. ரோமர் மதிலுக்கு வெளியே, ஆற்றோரத்தில், இத்ரீஸ் காலத்துக் கட்டடத் தொகுதி ஒன்றும் குளியலகமும் வெளிப்பட்டன. தந்தை வந்து தங்கிய இடம் பாழடைந்த சிற்றூர் அன்று. உயிருள்ள ஓர் அரசிருக்கை என்பதை அவை காட்டுகின்றன. தொடங்கியவர் தந்தை, விரித்தவர் மகன். இடையில் இருவருக்கும் உழைத்த ராஷித், அடைக்கலம் தந்த பர்பர் மக்கள். மரபு இவர்கள் அனைவரின் உழைப்பையும் ஒருவர் பெயரில் திரட்டிவிட்டது.

புலம்பெயர்ந்தோர் சமைத்த நகர்

அடிக்கல் நாட்டியவர் யாராயினும், ஃபாஸை நகராக்கியோர் வேறு. ஹிஜ்ரி 202இல் (கி.பி. 818) குர்துபாவின் புறநகர் மக்கள் உமைய்யா அமீர் முதலாம் ஹகமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் ஃபாஸின் வலக்கரையில் குடியேறினர். அப்பகுதி அந்தலூஸியர் கரை எனப் பெயர்பெற்றது. சில ஆண்டுகளில் துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்த குடும்பங்கள் இடக்கரையில் குடியமர்ந்தன. அது கைரவானியர் கரை, அதாவது கரவிய்யீன் ஆயிற்று. கொத்தரும் தோல் பதனிடுவோரும் நெசவாளரும் ஆலிம்களும் வணிகரும் இவ்வாறு வந்து சேர்ந்தனர்.

இவர்கள் அனைவரையும் தாங்கியது தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கும் ஃபாஸ் ஆறும் பல ஊற்றுகளும் வாய்க்கால்களாகப் பிரிக்கப்பட்டுப் பள்ளிவாசல்களுக்கும் குளியலகங்களுக்கும் வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் பாய்ந்தன. மாவரைக்கும் ஆலைகளையும் அந்நீரே சுழற்றியது.

எனினும் இரு கரையினரும் ஒன்றாக வாழ்ந்துவிட்டனர் எனக் கொள்வது தவறு. இரண்டும் தனித்தனி மதில், தனித்தனி ஜும்ஆப் பள்ளிவாசல் கொண்ட போட்டி நகரங்களாகவே இரண்டரை நூற்றாண்டு நீடித்தன. அடிக்கடி போரும் மூண்டது. 1070 அளவில் நகரைக் கைப்பற்றிய முராபித்துத் தலைவர் யூஸுஃப் இப்னு தாஷுஃபீன் இடைமதில்களைத் தகர்த்து, இரண்டையும் ஒரே மதிலுக்குள் இணைத்தார். இன்று நாம் ஃபாஸ் என்றழைக்கும் ஒற்றை நகர் தோன்றியது அப்போதுதான் என்று கூறினும் பிழையாகாது.

கரவிய்யீன் பற்றிய வினா

கரவிய்யீன் பள்ளிவாசலை அறியாத படித்த முஸ்லிம் இரார். கைரவானிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா, தந்தைவழிச் சொத்து முழுவதையும் ஈந்து ஹிஜ்ரி 245இல் (கி.பி. 859) அதனைக் கட்டினார், அவருடைய சகோதரி மர்யம் மறுகரையில் அந்தலூஸியர் பள்ளிவாசலை எழுப்பினார் என்பது பெருமையோடு எடுத்துரைக்கப்படும் வரலாறு. கட்டட வேலை முடியும்வரை ஃபாத்திமா நோன்பிருந்தார் என்றும் கூறுவர்.

இவ்வரலாற்றை நமக்குத் தரும் முதன்மை நூல் மேற்சொன்ன ரவ்ளுல் கிர்தாஸே. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நான்கரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இருபதாம் நூற்றாண்டில் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, பழைய மிஹ்ராப் இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு மேலே, சுண்ணச்சாந்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்த தேவதாரு மரப்பலகை எழுத்து ஒன்று வெளிப்பட்டது. கூஃபி எழுத்தில் அமைந்த அது, ‘இப்பள்ளிவாசலை’ ஹிஜ்ரி 263 துல்கஃதா மாதத்தில் (கி.பி. 877) கட்டியவர் இரண்டாம் இத்ரீஸின் மகன் தாவூத் என்கிறது. அப்பலகை வேறொரு பள்ளிவாசலிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அது இவ்விடத்துக்கே உரியது என்பது மற்றொரு கருத்து. விவாதம் முடியவில்லை.

இத்தகைய இடத்தில் நாம் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். எழுத்துச் சான்று கிடைத்துவிட்டது, எனவே ஃபாத்திமா என்றொரு பெண்மணி இருந்ததே இல்லை என்று தீர்ப்பளிப்பது முதல் தவறு. சகோதரியர் இருவர், இரு கரைக்கும் இரு பள்ளிவாசல்கள் என்ற அழகிய இணைப்பு நம் ஐயத்தைத் தூண்டலாம். ஆனால் ஐயம் மறுப்பாகிவிடாது. நம் பெண்களின் பெருமைக்குச் சான்றாகும் கதை, ஆகவே பலகையைப் பற்றிப் பேசவே கூடாது என்பது இரண்டாம் தவறு. முஸ்லிம் பெண்கள் வக்ஃபு ஏற்படுத்திப் பள்ளிவாசலும் மதரஸாவும் எழுப்பினர் என்பதற்கு, கெய்ரோ, திமிஷ்க் முதலிய நகரங்களின் ஆவணங்களும் கல்வெட்டுகளும் நிறையவே உள்ளன. அப்பெருமை ஒரே கதையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

ஐயத்துக்கிடமின்றி நாம் அறிவது இதுவே: சிறியதொரு தொழுகையிடமாகத் தொடங்கிய கரவிய்யீன், 918இல் நகரின் ஜும்ஆப் பள்ளிவாசலாயிற்று; 956இல் பெரிதாக்கப்பட்டு, இன்று நாம் காணும் மினாராவைப் பெற்றது; 1134க்குப் பின் முராபித்து சுல்தான் அலீ இப்னு யூஸுஃபின் ஆணையால் மேலும் விரிந்தது. பல ஆட்சியாளரும் பெயரறியாப் பல வக்ஃபாளரும் சேர்ந்து வளர்த்த கல்விக்கூடம் அது.

மர்ராகுஷ்: ஆண்டும் ஆளும்

ஃபாஸுக்கு ஏற்பட்டதே தெற்கில் மர்ராகுஷ் நகருக்கும் நேர்ந்தது. ஹிஜ்ரி 454இல் (கி.பி. 1062) யூஸுஃப் இப்னு தாஷுஃபீன் அதனை நிறுவினார், தாமே தொழிலாளரோடு சேர்ந்து மண் குழைத்துப் பள்ளிவாசல் கட்டினார் என்கிறது ரவ்ளுல் கிர்தாஸ். ஆனால் அதே காலத்தவரான இப்னு இதாரீ, ஹிஜ்ரி 462இல் (கி.பி. 1070) அடித்தளமிட்டவர் யூஸுஃபின் ஒன்றுவிட்ட சகோதரரும் முராபித்துகளின் அன்றைய தலைவருமான அபூபக்ர் இப்னு உமர் என்கிறார். இவ்விரண்டுள் எது சரி? இங்கு உதவுவது ஒரு மௌனம். 1068இல் மேற்கு நாடுகளின் பாதைகளையும் ஊர்களையும் நுணுக்கமாக விவரித்த புவியியலார் அல்பக்ரீ, அருகிலுள்ள அக்மாத் நகரைப் பற்றி எழுதுகிறார்; மர்ராகுஷின் பெயரையே அவர் எடுக்கவில்லை. 1062இல் தலைநகர் ஒன்று எழுந்திருப்பின் அவர் அதனை விட்டிருப்பாரா? எனவே 1070ஏ ஏற்புடையது.

இப்னு இதாரீ தரும் காரணமும் நம்பத்தக்கது. அக்மாத்தில் இடநெருக்கடி மிகுந்தது. உள்ளூர்ப் பெரியோர் முறையிட்டனர். எந்த ஒரு குலத்துக்கும் சாராத, இரு குலங்களின் எல்லைகளுக்கிடையே அமைந்த வெற்றுச் சமவெளி தேர்ந்தெடுக்கப்பட்டது. அபூபக்ர் அங்கு கற்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். மறு ஆண்டே ஸஹாராவில் பூசல் எழ, யூஸுஃபைப் பதிலாளராக விட்டுச் சென்றார். தம் மனைவி ஸைனபுக்கு மணவிலக்களித்துச் சென்றதாகவும், அறிவாற்றல் மிக்க அவ்வம்மையார் யூஸுஃபை மணந்து அவருக்குச் சிறந்த ஆலோசகராயினார் எனவும் நூல்கள் கூறுகின்றன. அபூபக்ர் திரும்பியபோது ஆட்சி யூஸுஃபின் கையில் உறுதிப்பட்டிருந்தது. முஸ்லிம்களுக்குள் இரத்தம் சிந்த விரும்பாத அபூபக்ர், பரிசுப் பொருள்களைப் பெற்றுக்கொண்டு பாலைவனம் மீண்டார். வென்றவர் பெயர் நகரோடு ஒட்டிக்கொண்டது. விட்டுக்கொடுத்தவர் பெயர் மங்கிற்று.

மர்ராகுஷிலும் நகரை நிலைநிறுத்தியது நீரே. யூஸுஃபின் மகன் அலீயின் காலத்தில், உபைதுல்லாஹ் இப்னு யூனுஸ் என்னும் பொறியாளர், நிலத்தடியே சரிவாகக் கால்வாய் தோண்டி நீரை மேலே கொணரும் முறையை அங்கு அமைத்தார் எனப் புவியியலார் அல்இத்ரீஸீ பதிவு செய்கிறார். வறண்ட சமவெளி தோட்டங்களாயிற்று. நாட்டுக்கு ஐரோப்பியர் இட்ட மொரோக்கோ என்ற பெயரே மர்ராகுஷ் என்பதன் திரிபுதான். ஆயினும் அந்நகருக்கு நீர் தந்தவரின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

கதைகள் உருப்பெற்ற காலம்

இரு நகரங்களுக்கும் நிலைத்த தோற்றக் கதையைத் தந்தது பதினான்காம் நூற்றாண்டு நூலே என்பதை வாசகர் கவனித்திருப்பர். அது மரீனிய சுல்தான்களின் காலம். முராபித்துகளையும் முவஹ்ஹிதுகளையும் போலச் சமயச் சீர்திருத்த இயக்கமொன்றின் வழியே மரீனிகள் ஆட்சிக்கு வரவில்லை. எனவே மதரஸாக்கள் கட்டியும் நபிக்குடும்பத்து ஷரீஃப்களைப் போற்றியும் தம் ஆட்சிக்கு மதிப்புத் தேடினர். ஃபாஸ் அவர்களது தலைநகர். அதற்கு ஒளிமிக்க தொடக்கம் தேவைப்பட்டது. 1437இல் இரண்டாம் இத்ரீஸின் உடல் எனக் கருதப்பட்ட எச்சம் நகரின் நடுவே கண்டெடுக்கப்பட்டது இப்போக்கின் உச்சம். அவ்விடம் பெரும் தியாரத் தலமாயிற்று. ஷரீஃப்களின் செல்வாக்கு அதன்பின் வளர்ந்தது. 1465இல் எழுந்த கிளர்ச்சியில் மரீனிய ஆட்சியே முடிந்து, இத்ரீஸிய வழிவந்த ஒருவர் ஃபாஸில் சில காலம் தலைமை ஏற்றார். போற்றி வளர்த்த கதை போற்றியவரையே மேவியது.

இதே மரீனிய அவையில் இளமையில் பணிபுரிந்தவர் இப்னு கல்தூன். 1377இல் தம் முகத்திமாவை எழுதியபோது, செவிவழிச் செய்தியை அப்படியே ஏற்பதைக் கடுமையாகக் கண்டித்தார். அதே நூலில், இரண்டாம் இத்ரீஸின் பிறப்பைப் பற்றி எதிரிகள் பரப்பிய அவதூறையும் மறுத்தெழுதினார். மரபின் மீது அன்பும் செய்தியின் மீது விசாரணையும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. நகர் அமைப்போர் நீர், மேய்ச்சல், விளைநிலம், விறகு ஆகியவற்றை நோக்க வேண்டும் என்றும் அவர் வகுத்துரைத்தார். நாம் மேலே கண்ட ஊர்கள் நிலைத்ததற்கும் அழிந்ததற்கும் காரணங்கள் இவ்வட்டத்துக்குள்ளேயே பெரிதும் அடங்குகின்றன.

அதே அவையில்தான் இப்னு பதூதாவும் தம் பயண வரலாற்றைச் சொல்ல, அது 1355இல் ஃபாஸில் எழுத்துருப் பெற்று நிறைவுற்றது. அவர் சொன்னவற்றை நம்ப மறுத்தோர் அங்கு இருந்தனர் என்கிறார் இப்னு கல்தூன். ஆனால் மதுரையைப் பற்றி அவர் எழுதியதற்கு, பிற்காலத்தில் கிடைத்த மதுரை சுல்தான்களின் நாணயங்கள் துணைநின்றன. ஃபாஸில் கதையைத் திருத்திய நாணயம், மதுரையில் கதையை உறுதிப்படுத்திற்று. சான்று எப்போதும் மரபுக்குப் பகையன்று என்பதை நாம் இங்கு உணரலாம்.

நம் ஊர்களுக்கும் தோற்றக் கதைகள் உண்டு. மரக்கலத்தில் வந்திறங்கிய முன்னோர் பற்றி, முதல் பள்ளிவாசல் பற்றி, அடக்கமாகியுள்ள பெரியோர் பற்றி. அவற்றைக் கேட்டுப் பதிவு செய்வது கடமை. அதனோடு பள்ளிவாசல் தூண்களிலும் கபுறுக் கற்களிலும் உள்ள எழுத்துகளைப் படியெடுப்பதும், பழைய வக்ஃபுப் பத்திரங்களைப் பேணுவதும், சுண்ணம் பூசுமுன் சுவரில் என்ன உள்ளதென்று பார்ப்பதும் கடமையே. கரவிய்யீனின் மரப்பலகை பூச்சின் கீழே பல நூற்றாண்டு தப்பிப் பிழைத்தது. புதுப்பித்தல் என்ற பெயரில் அது பெயர்த்தெறியப்பட்டிருந்தால், கேட்பதற்கு வினாவும்கூட எஞ்சியிராது.